வெள்ளிக்கிழமைகளில் நின்றுபோன என்ஜின்

போன மாதம் பக்கத்துத் தோட்டத்துக்கு மருந்தடிக்கிற ட்ரோன் ஒன்று வந்தது. வேடிக்கை பார்க்க நானும் போனேன். இந்த வயதில் உங்களுக்கு இது தேவையா என்று வீட்டில் கேட்டார்கள். என்ன செய்ய, மெஷின் என்றால் எனக்குக் கால் ஓர் இடத்தில் நிற்காது. தேயிலை மலையின் அடியில் அதை இறக்கிவைத்து, தேங்காய் உடைத்து, நாலு பக்கமும் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டினார்கள். கடைசியில் ஓர் அம்மா சந்தனக் கிண்ணத்தோடு முன்னால் வந்தார். பொட்டை எங்கே வைப்பது என்று கொஞ்சம் தேடினார். உருண்டையாக மினுங்கிய ஓர் இடத்தைக் கண்டதும் அழுத்தி வைத்துவிட்டார்.

"ஐயோ அம்மா, அது கேமராங்க!" என்று ட்ரோனை ஓட்ட வந்த பையன் கத்தினான்.

"நெத்தின்னு நெனச்சிட்டேன் தம்பி" என்றார் அவர், கொஞ்சமும் அசராமல்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பையன் ஈரக் காகிதத்தால் துடைத்துவிட்டு அதைக் கிளப்பினான். தேனீக் கூட்டம் போல ஓர் இரைச்சல், அவ்வளவுதான். புகை இல்லை, எண்ணெய் வாசம் இல்லை. காற்றில் சந்தன வாசம் மட்டும் வந்தது. எனக்கோ சந்தனம் என்றால் கூடவே பெற்றோலும் மணக்க வேண்டும். இல்லாவிட்டால் அரைச் சாப்பாட்டில் எழுந்த மாதிரி இருக்கும். ஏன் என்று கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

அப்போது நான் யட்டியாந்தோட்டை கடைவீதியில் சுமணபால முதலாளியின் கராஜில் வேலை செய்தேன். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து புல் வெட்டும் மெஷின், மரம் அறுக்கும் செயின்சோ, மருந்தடிக்கும் மெஷின் எல்லாம் எங்களிடம்தான் வரும். எல்லாம் டூ ஸ்ட்ரோக் என்ஜின்கள். பெற்றோலோடு எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டிய சாதி. ஒரு மெஷினைக் கிளப்பிக் காதைச் சாய்த்தாலே நோய் இன்னதென்று சொல்லிவிடுவேன் என்று எனக்குள் ஒரு நினைப்பு இருந்தது. பத்தில் ஆறு சரியாக வரும். மீதி நாலைப் பற்றி யாரிடமும் பேசமாட்டேன்.

அந்த நினைப்பை உடைக்கத்தான் என் அக்காள் புருஷன் கட்டாரிலிருந்து வந்து இறங்கினார். செல்வராசா மச்சான். கட்டாருக்குப் போனவர்கள் திரும்பும்போது டிவி கொண்டுவருவார்கள், பூப்போட்ட தடித்த கம்பளி கொண்டுவருவார்கள். மச்சான் கொண்டுவந்தது ஓர் உடைந்த பிளேன். பொம்மைதான், ஆனால் செட்டை இரண்டையும் விரித்தால் எங்கள் லயத்துக் காம்பராவின், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில் எங்களுக்கிருந்த ஒற்றை அறையின், அகலத்துக்கு இருக்கும். அங்கே பணக்காரர்கள் பிளேன் விட்டு விளையாடும் மைதானம் ஒன்றில் கூட்டித் துடைக்கிற வேலை அவருக்கு. அவர்கள் களைத்த நேரம் ரிமோட்டைக் கொஞ்சம் இவர் கையிலும் கொடுப்பார்களாம். அந்த வேலை திடீரென்று இல்லாமல் போனது. கிளம்புகிற நேரம், விழுந்து நொறுங்கிய பிளேன் ஒன்றை என்ஜினோடும் ரிமோட்டோடும் அவருக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறார் ஒரு சீமான். அதைப் பிரித்து, துணியில் சுற்றி, எல்லா விமான நிலையத்திலும் விளக்கம் சொல்லிச் சொல்லி வீடு கொண்டுவந்து சேர்த்திருந்தார்.

லயம் சும்மா இருக்குமா? ஒரே வாரத்தில் 'பொம்மை செல்வா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கு அது உறைக்கவே இல்லை. உறைத்தது லெச்சுமி அக்காவுக்குத்தான். அவள் ரப்பர் மலையில் பால் வெட்டுகிறவள். பால் நிறுக்கிற இடத்தில் வரிசையில் நிற்கும்போது, "ஏன் லெச்சுமி, ஒன் வீட்டுக்காரரு ஒன்னய எப்ப பிளேன்ல ஏத்துறாரு?" என்று எவளாவது கேட்பாள். அக்கா சிரித்து வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து சட்டி பானையை உருட்டுவாள்.

பிளேன் வீட்டுக்குள் படுத்துக்கொண்டது. நாங்கள் வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் படுத்தோம்.

மச்சானுக்கு ஓர் ஆசை இருந்தது. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் தேர் கிளம்பும்போது, மேலேயிருந்து பிளேனால் பூப் போட வேண்டும். பெரிய ஊர்க் கோயில்களில் ஹெலிகொப்டரில் பூப் போடுகிறார்களாம், நம் அம்மனுக்கு ஏன் கூடாது என்றார். கட்டாரிலிருந்து வெறுங்கையோடு வந்தவன் என்று சனம் சொல்கிறதே, அந்தச் சனம் முழுக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார். ஆனால் செட்டையை ஒட்டும்போது அவர் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

அந்த என்ஜினை முதன்முதலாகக் கையில் எடுத்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அட, இது நம்ம புல் வெட்டும் மெஷினின் தம்பி அல்லவா என்று தோன்றியது. அதே மாதிரிக் காபரேட்டர், பக்கத்தில் அதே இரண்டு ஊசித் திருகுகள். ஒன்று மெதுவாக ஓடும்போது பெற்றோல் விட, மற்றது வேகமாக ஓடும்போது விட. வித்தியாசம் ஒன்றுதான். புல் வெட்டும் மெஷினில் காபரேட்டர் பிளாஸ்டிக் மூடிக்குள் ஒளிந்திருக்கும். இதில் எல்லாம் வெட்ட வெளிச்சம். காபரேட்டரின் வெளிப்பக்கத்தில் சதுரமாக ஒரு வெள்ளித் தகடு, அதன் நட்ட நடுவில் குண்டூசி முனை அளவில் ஒரு துளை. எதற்கு இந்தத் துளை என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். பெரிய மெக்கானிக் அல்லவா, கேட்கவில்லை.

செய்த கோமாளித்தனம் கொஞ்சமா? பெற்றோல் தாங்கியின் மூடி ஒழுகியது. ரப்பர் தோட்டத்தில் பிறந்தவனுக்கு ரப்பருக்கா பஞ்சம் என்று, தோட்டத்து ரப்பர் ஷீட்டில் வட்டமாக ஒரு துண்டு வெட்டிப் போட்டேன். பச்சை ரப்பர் பெற்றோலில் ஊறினால் என்ன ஆகும் என்பது அடுத்த நாள் தெரிந்தது. பலாப்பழப் பிசின் மாதிரி கொழகொழவென்று இளகி, குழாய் முழுக்க அடைத்துவிட்டது. "நல்லா வந்தீங்க மாப்ள, ரப்பருக்கும் பெற்றோலுக்கும் ஆகாதுன்னு எனக்கே தெரியுமே" என்று மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். அதையெல்லாம் கழுவி எடுக்க, பௌர்ணமிக்குக் கிடைக்கிற ஒரு போயா லீவு முழுதாகப் போனது.

அவருடைய கூத்து வேறு மாதிரி. முதல் தடவை இஸ்தோப்பில் வைத்துக் கிளப்பினோம். என்ஜின் பிடித்த சந்தோஷத்தில் கையை நீட்டிவிட்டார். முன்னால் சுற்றுகிற காற்றாடி விரலைக் கிழித்துவிட்டது. ரத்தத்தைப் பார்த்து அக்கா அலறிய அலறலில் அடுத்த லயமே வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அக்கா அந்தப் பழக்கத்தை ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமை குளித்து, விளக்கேற்றி, அம்மன் படத்துக்குப் பொட்டு வைத்துவிட்டு, அதே விரலால் பிளேனுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். "ஆத்தா, அந்த மனுசன் கைய காப்பாத்து" என்று முணுமுணுப்பாள். இதில் என்ன இருக்கிறது? கராஜில் ஆயுத பூசை அன்று எல்லா மெஷினுக்கும் நாங்களே பொட்டு வைக்கிறவர்கள்தான்.

டியூன் பண்ணுவது எப்படி என்று சொல்லட்டுமா? அதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பிளேனின் வாலைக் கயிற்றால் ரப்பர் மரத்தில் கட்டிவிடுவோம். கிளப்பி, சூடாகும்வரை விட்டு, முழு வேகம் கொடுப்போம். பெற்றோல் கூடுதலாகப் போனால் சத்தம் தொண்டை கட்டிய மாதிரி கரகரக்கும், வெள்ளைப் புகை அடிக்கும். வேக ஊசியை மெல்ல மெல்ல மூட, குரல் தெளிந்து உயரும். இன்னும் மூடினால் மெலிந்து கீச்சிடும். அந்த இடத்தில் ஆசைப்படக்கூடாது. ஒரு மயிரிழை திரும்பத் திறந்துவிட வேண்டும். பிறகு முழு வேகத்திலேயே பிளேனின் மூக்கை வானத்துக்குத் தூக்கிப் பிடித்துக் கேட்க வேண்டும். குரல் மாறாவிட்டால் சரி. நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனை பால் விடாத தேத்தண்ணி, அந்தப் பிளேன்டி நிறத்தில் இருக்க வேண்டும். கறுத்திருந்தால் பெற்றோல் கூட, வெளுத்திருந்தால் குறைவு. திருப்புளியை ஓர் எறும்பளவு திருப்பினால் குரல் மாறும் அந்த அதிசயம் எனக்கு இன்றுவரை அலுக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காபரேட்டரைக் கழுவிப் பூட்டி, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து விளையாட்டு மைதானத்தில், பிளேன் முதன்முதலாக ஏறியது. நானும் மச்சானும் மட்டும்தான். ரப்பர் மரங்களுக்கு மேலே போய், ஒரு வட்டம் அடித்து, பிசகாமல் வந்து இறங்கியது. மச்சான் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் பூசைக்கு வந்த கமிட்டிக்காரர்களை மைதானத்துக்குக் கூட்டிவந்தோம். அன்று பிளேன் ஏறிக் கொஞ்ச தூரம் போனது. குரல் மெலிந்தது, இருமியது, நின்றது. மச்சான் எப்படியோ வழுக்கி இறக்கிவிட்டார். அன்று மாலையே காபரேட்டரைக் கழற்றி, பெற்றோலில் கழுவிப் பூட்டினோம். பிளக் வெளுத்திருந்ததால் ஊசியைக் கொஞ்சம் திறந்தோம். ஞாயிற்றுக்கிழமை கிளப்பினால் ஒரே புகை! மறுபடி பழைய இடத்துக்கே மூடினோம். அருமையாகப் பறந்தது. அடுத்த வெள்ளி, கமிட்டிக்காரர் முன்னால், மறுபடி நின்றது. அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே.

எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. என்ஜினுக்குக் கிழமை தெரியுமா? வெள்ளிக்கிழமை மழை ஈரம் கூடவோ என்று யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமையும்தான் கொட்டியது, யட்டியாந்தோட்டை மழை நாள் பார்த்தா பெய்கிறது? பெற்றோலை மாற்றினேன், எண்ணெயை மாற்றினேன், பிளக்கை மாற்றினேன். லயத்தில் வேறு காரணங்கள் ஓடின. கண்ணூறு என்றார்கள் சிலர். கோபுரத்துக்கு மேலே போவது அம்மனுக்குப் பிடிக்கவில்லை என்றார்கள் சிலர். பால் நிறுக்கிற இடத்திலோ பேச்சு வேறு பக்கம் திரும்பியது. "கட்டாருக்குப் போனாரு, வேல போச்சு. வந்தாரு, வெரலு போச்சு. இப்ப பிளேனும் ஏறல. அவரு என்னா செய்வாரு, வீட்டுக்காரி ராசி அப்புடி." இதை அக்கா காதுபடவே சொன்னார்கள். அன்று அவள் சட்டி பானையை உருட்டவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

கோயில் தலைவர் நல்ல மனுசர்தான். ஆனால் அவருக்கும் பொறுப்பு இருக்கிறதே. "செல்வராசா, வார வெள்ளிக்கெழம கடைசி. அன்னைக்கு ஒழுங்கா ஏறி எறங்கினா தேருக்கு மேல விடு. இல்லேன்னா இந்தச் சாமானே வேணாம். சாமி காரியத்துல வெளையாட முடியாது" என்று சொல்லிவிட்டார்.

அவர் இப்படிச் சொன்ன அந்த வெள்ளிக்கிழமை என்ஜின் நின்றபோது பிளேன் ரப்பர் நாற்று மேடையில் போய்க் குத்தி, செட்டை பிளந்துவிட்டது. மச்சான் செட்டையோடு மல்லுக்கட்ட, நான் என்ஜினை மட்டும் கழற்றிச் சாக்கில் சுற்றி வைத்தேன். காபரேட்டரைக் கழுவ எனக்குத் தெம்பில்லை. மறுநாள் சனிக்கிழமை கராஜுக்குக் கொண்டுபோய் மேசையில் இறுக்கிக் கிளப்பினேன். முழு வேகம் கொடுத்தேன். குரல் மெலிந்தது, இருமியது, நின்றது.

சனிக்கிழமை! ஆள் இல்லை, கமிட்டி இல்லை, கண்ணூறு இல்லை, அம்மனும் இல்லை. அப்படியானால் வெள்ளிக்கிழமைக் கோளாறு இந்த என்ஜினோடு ஒட்டிக்கொண்டே கராஜுக்கு வந்திருக்கிறது. மறுபடி கிளப்பினேன். மறுபடி நின்றது. சந்தோஷத்தில் மூன்றாம் தடவையும் கிளப்பினேன். கோளாறைக் கண்டு இவ்வளவு மகிழ்ந்த மெக்கானிக்கை சுமணபால முதலாளி அதுவரை பார்த்ததில்லை போலும், ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

சூடேறிய என்ஜினிலிருந்து ஒரு வாசம் வந்தது. சந்தனம். வெள்ளிக்கிழமைகளில் மைதானத்திலும் இந்த வாசம் அடித்திருக்கிறது, கோயிலிலிருந்து வருகிறது என்று நினைத்திருக்கிறேன். கராஜில் ஏது கோயில்? குனிந்து மோந்து பார்த்தேன். அந்தச் சதுர வெள்ளித் தகட்டின் நட்ட நடுவில், சூட்டில் காய்ந்து ஓடு மாதிரி இறுகி, அழகாக ஒரு பொட்டு. நகத்தால் சுரண்டினேன். அடியில் அந்தத் துளை.

விஷயம் இவ்வளவுதான். அந்தத் தகட்டுக்கு உள்ளே ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதன் ஒரு பக்கம் பெற்றோல், மறுபக்கம் காற்று. என்ஜின் பெற்றோல் கேட்கும்போதெல்லாம் சவ்வு அசைந்து கொடுக்கும். அசைய வேண்டுமானால் மறுபக்கத்துக் காற்று அந்தத் துளை வழியே வந்துபோக வேண்டும். துளையை அடைத்தால் சவ்வு விறைத்துக்கொள்ளும். மெதுவாக ஓடும்போது தெரியாது. முழு வேகத்தில் பெற்றோல் போதாமல் நின்றுவிடும். நாங்களோ ஒவ்வொரு வெள்ளியும் கோளாறு தேடிக் காபரேட்டரைக் கழுவினோம். கழுவும்போது சந்தனமும் கரைந்து போனது. கோளாறைக் கண்டுபிடிக்கிற வேலையிலேயே கோளாறைக் கழுவி ஊற்றிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பறந்ததும் ஊசிக்குப் பாராட்டுப் பத்திரம் வாசித்தோம்.

அக்காவைச் சொல்லியும் குற்றமில்லை. சதுர முகம், நடுவில் ஒரு புள்ளி. பொட்டு வைக்க வேறு இடம் எது?

ஓடிப்போய் மச்சானிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் செட்டையை ஒட்டிய கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"லெச்சுமிகிட்ட சொல்லிட்டீங்களா மாப்ள?"

"இன்னும் இல்ல. இந்த வெள்ளி வைக்க வேணாம்னு சொல்லிட்டா முடிஞ்சிச்சு மச்சான்."

"சொல்லாதீங்க. ஏற்கனவே சனம் அவ ராசியத்தான் சொல்லுது. இப்ப போய் ஒன் கையாலதான் நின்னுச்சுன்னு சொன்னா, அவ மனசு ஒடஞ்சு போயிரும். வேற வழி பாருங்க."

வேறு வழி பார்த்தோம். தகட்டின் துளையில் மெல்லிய செப்புக் குழாய் ஒன்றைப் பற்றவைத்து, அதை வளைத்து, பிளேனின் வயிற்றுக்குள் கொண்டுபோய் விடுவது. சுமணபால முதலாளியே ஈயம் காய்ச்சிப் பற்றவைத்துத் தந்தார். கதையைக் கேட்டுவிட்டு, "மேக்கட்டத் ஹுஸ்ம ஓன மல்லி" என்றார் சிங்களத்தில். இதற்கும் மூச்சு வேண்டும் தம்பி என்று அர்த்தம். பொட்டு வைக்கிற இடம் அப்படியே இருந்தது, மூச்சு விடுகிற இடத்தைத்தான் மாற்றினோம்.

வெள்ளிக்கிழமை வந்தது. மைதானத்தில் தலைவர், கமிட்டி, பாதித் தோட்டம். லயத்திலிருந்து பிளேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போதுதான் கவனித்தோம், என்ஜினில் பொட்டு இல்லை. அக்கா அடுப்படியில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள்.

என் மனதில் ஒரு கணம் அப்பாடா என்று இருந்தது. குழாய் வைத்திருந்தாலும் எதற்கு வீண் சோதனை, அப்படியே போய்விடலாம் என்று கண்ணைக் காட்டினேன். மச்சான் பார்த்தும் பார்க்காதவர் போல் பிளேனைக் கீழே வைத்தார். சாமித் தட்டிலிருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் அவளிடம் நீட்டினார்.

"பொட்டு வைக்காம எங்க கெளம்புறது?"

"வேணாங்க. என் கை வேணாம். நீங்களே போய் ஏத்திட்டு வாங்க."

"ஒன் கைதான் வேணும். நீ வச்சாத்தான் அது ஏறும். எந்திரி."

அக்கா எழுந்தாள். அந்தச் சதுர முகத்தில் வழக்கத்தைவிடப் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். மச்சான் அவளையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுதான் மைதானத்துக்கு நடந்தார்.

பிளேன் ஏறியது. நான் மேலே பார்க்கவில்லை, காதை மட்டும் கொடுத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றேன். குரல் மெலிகிறதா, மெலிகிறதா என்று. மெலியவில்லை. ஒரு வட்டம், இரண்டு, மூன்று. கோயிலுக்கு மேலே போய்த் திரும்பி வந்தது. நிமிர்ந்தபோது தோட்டமே அண்ணாந்து நின்றது. அக்கா மட்டும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு மச்சானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருவிழா அன்று பூ பாதி தேரில் விழுந்தது, பாதி தலைவரின் வழுக்கைத் தலையில் விழுந்தது. அதற்குப் பிறகு பொம்மை செல்வா என்று யாரும் கூப்பிடவில்லை. அக்கா மட்டும், "நான் பொட்டு வச்சாத்தான் அது பறக்கும், தெரியும்ல?" என்று பால் நிறுக்கிற இடத்தில் போவோர் வருவோரிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் வாயே திறக்கவில்லை.

இப்போது அந்த மைதானத்தில் வீடுகள் வந்துவிட்டன. சுற்றியிருந்த ரப்பரைப் பிடுங்கி வேறு மரம் நட்டிருக்கிறார்கள். பிளேனின் செட்டையைக் கறையான் தின்றது. சுமணபால முதலாளியின் கராஜ் இருந்த இடத்தில் போன் கடை, உள்ளே போனால் எண்ணெய் வாசம் துளிகூட இல்லை. மச்சான் மறுபடியும் கட்டாருக்குப் போனார், நோயோடு திரும்பினார், போய்ச் சேர்ந்துவிட்டார். என்ஜின் மட்டும் அக்கா வீட்டில், அவர் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ட்ரோனைப் பார்த்த கையோடு அக்கா வீட்டுக்குத்தான் போனேன். கேமராவுக்குப் பொட்டு வைத்த கதையைச் சொன்னேன், சிரித்தாள். அந்தச் சிரிப்பின் தைரியத்தில், இத்தனை வருசம் சொல்லாததையும் சொல்லிவிட்டேன். துளை, சந்தனம், குழாய், எல்லாம்.

அக்கா எட்டி அந்தக் குழாயை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப அன்னைக்கு, தெரிஞ்சுதான் கிண்ணத்த நீட்டினாராடா?"

"ஆமாக்கா. தெரிஞ்சுதான்."

"கள்ள மனுசன்" என்றாள் படத்தைப் பார்த்து. "நான் வச்ச பொட்டாலதான் பறந்துச்சுன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சேனே. ஒரு வார்த்த சொன்னாரா பாரு!" சிரிப்பும் அழுகையுமாகக் கண்ணைத் துடைத்தாள். இப்போது அவள் நெற்றியில் திருநீறு மட்டும்தான்.

எழுந்து போய்ச் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தாள். மச்சான் படத்துக்கு வைத்தாள். அதே விரலால் என்ஜினின் சதுர முகத்திலும் வைத்தாள். நான் பழக்கதோஷத்தில் அதன் தண்டைப் பிடித்துச் சுற்றிப் பார்த்தேன். அசையவில்லை.

"ஓடுமாடா?"

"ஓடாதுக்கா. உள்ள பிடிச்சிருச்சு."

"ஓடாட்டி என்னா" என்றாள் அக்கா. "அந்தக் கொழாய் மட்டும் அடைக்காமப் பாத்துக்க."